அரை கிரவுண்டின் ஐந்தொகை

தென்சென்னைப் புறநகரான பெரும்பாக்கத்தில் ஒரு தனி வீடு. மனை அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி. கட்டடம் நிற்பது 700 சதுர அடியில். மிச்சம் 500. அதிலும் வண்டி நிறுத்தவும் துணி காயப்போடவும் 150 சதுர அடிக்குச் சிமெண்டு போட்டாயிற்று. மண்ணாக மிஞ்சியது 350 சதுர அடி. அந்த மண்ணில் ஒரு தென்னை, ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, இரண்டு பப்பாளி, ஒரு வாழைக் குத்து, 40 சதுர அடியில் ஒரு கீரைப்பாத்தி. வாசலோரம் செம்பருத்தியும் நந்தியாவட்டையும். வீட்டில் நாலு பேர்.

எங்கள் வீடும் ஏறக்குறைய இந்த அளவுதான். யூரியா, பூச்சிமருந்து, களைக்கொல்லி எதுவும் இல்லாமல் இப்படி ஒரு தோட்டத்தை ஓராண்டு பராமரிக்க எவ்வளவு ஆகும், எவ்வளவு வரும் என்று கேட்பவர்கள் அதிகம். "இயற்கை முறை செலவில்லாதது" என்று சிலர் சொல்கிறார்கள். "அது பணக்காரர்களின் பொழுதுபோக்கு" என்று வேறு சிலர். இரண்டுமே கணக்குப் போடாமல் சொல்லும் பேச்சு. அதனால் இங்கே ஒரு மாதிரிக் கணக்குப் போட்டிருக்கிறேன். மழையளவு, சத்துவீதம், அரசு விலை ஆகியவை பொதுவில் உள்ள எண்கள். கடைவிலையும் விளைச்சலும் நான் வைத்துக்கொண்ட மதிப்பு. அந்த இடங்களில் உங்கள் வீட்டு எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

நீர்க் கணக்கு

1 மில்லிமீட்டர் மழை 1 சதுர மீட்டரில் விழுந்தால் 1 லிட்டர். இந்த ஒரு வாய்பாடு போதும். சென்னை வட்டாரத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 700 சதுர அடி மொட்டைமாடி என்றால் 65 சதுர மீட்டர். ஆவியாவது, தெறித்து வீணாவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் ஆண்டுக்கு 72,800 லிட்டர் மாடியிலிருந்து இறங்குகிறது. 12,000 லிட்டர் தண்ணி லாரிக் கணக்கில் 6 லாரி.

அந்த மழையில் சுமார் 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். அதாவது 840 மில்லிமீட்டர். மாடியில் அதன் பங்கு 43,680 லிட்டர்.

இப்போது தோட்டத்தின் தாகத்தைப் பார்ப்போம். நம் வெயிலில் பசுமை மூடிய மண் நாளொன்றுக்குச் சராசரியாக 5 மில்லிமீட்டர் நீரை இழக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 350 சதுர அடி 32.5 சதுர மீட்டர். ஒரு நாளைக்கு 162 லிட்டர். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 270 நாளுக்குக் கிட்டத்தட்ட 43,900 லிட்டர்.

இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று மாத மழையில் மாடி தருவதும் ஒன்பது மாதத்துக்கு மண் கேட்பதும் ஏறக்குறைய ஒன்றே. இடையில் உள்ள சிக்கல், சேர்த்து வைக்க இடமில்லாததுதான். வீட்டுச் சம்ப்பில் 5,000 லிட்டர் பிடிக்கலாம், மிஞ்சினால் 10,000. மற்றதற்கெல்லாம் மண்தான் தொட்டி. 2003-ல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது ஊர் முழுக்கப் போட்ட குழாய்கள் இந்தக் கணக்கை நம்பிப் போட்டவை. பல வீடுகளில் அந்தக் குழாய் இன்றும் இருக்கிறது. அது இறங்கும் குழியில்தான் சேறு அடைத்துக் கிடக்கிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வெள்ளத்தை இந்தக் குழி தடுக்காது. 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அதே மழை இந்த மாடியில் விழுந்திருந்தால் ஒரே நாளில் 31,850 லிட்டர். எந்த உறிஞ்சுகுழியும் அதைக் குடிக்காது. பெரும்பாக்கம் சதுப்பை ஒட்டிய ஊர். கார்த்திகையில் இரண்டடி தோண்டினாலே தண்ணீர் நிற்கும் மனைகள் இங்கே உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் ஆழக் குழியைவிட, மேல்மண்ணைப் பொலபொலவென்று வைத்திருப்பதும், பாத்தியை முக்கால் அடி உயர்த்திக் கட்டுவதும்தான் பலன் தரும். ஆழக் குழி மேட்டு மனைகளுக்கு உரியது.

உப்புக் கணக்கு

நீர்க் கணக்கில் பலரும் எழுத மறக்கும் வரி உப்பு. கோடையில் போர் தண்ணீரை விட்ட தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கும். விரலால் தேய்த்தால் மாவுபோல் உதிரும். கறிவேப்பிலையின் இலை நுனி கருகத் தொடங்கும்போது நாம் பூச்சி என்று நினைத்து மருந்தைத் தேடுவோம். பல நேரம் காரணம் அந்த வெள்ளைதான்.

குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீரே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவே 1,500 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மாதத்துக்கு அந்த 43,900 லிட்டரையும் அதிலிருந்தே விட்டால் 350 சதுர அடி மண்ணில் நாம் கொட்டும் உப்பு சுமார் 66 கிலோ. 25 கிலோ மூட்டை இரண்டரைக்கும் மேல். யாராவது மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து தோட்டத்தில் கொட்டினால் கத்தித் தீர்த்துவிடுவோம். குழாய் வழியாக வரும்போது கண்ணில் படுவதில்லை.

ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் நீரைச் செடிக்கு விடுவது சிக்கனம் என்று நினைப்பவர்களும் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். பாதி நீர் குடிக்கப் போய்ப் பாதி கழிவாக வந்தால், கழிவு நீரில் உப்பு ஏறக்குறைய இரு மடங்கு. அதை வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கு அரிசி கழுவிய நீர் நல்லது. நாளைக்கு 3 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 1,095 லிட்டர். கீரைப்பாத்தியின் தேவையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அது.

உப்பைக் கழுவும் மருந்து மழை ஒன்றுதான். உப்பு ஏறாமல் காக்கும் மருந்து மூடாக்கு. மண்ணின் மேல் காய்ந்த இலை, தென்னை நார், ஓலைத்துண்டு என்று மூன்று விரல் கனத்துக்குப் பரப்பிவிட்டால் மேலிருந்து ஆவியாவது குறையும். ஆவியாவது குறைந்தால் விடும் நீர் குறையும், நீர் குறைந்தால் கூடவே வரும் உப்பும் குறையும். தென்னை மரம் ஏறக்குறைய மாதம் ஒரு மட்டை கழிக்கும். ஆண்டுக்கு 12 மட்டை. ஈர்க்கை உருவித் துடைப்பத்துக்கு எடுத்துக்கொண்டு ஓலையை அரிவாளால் சாணளவு நறுக்கிப் போட்டால் மரத்தடி வட்டம் முழுக்க மூடிவிடும். இதற்குச் செலவு பூஜ்யம்.

குப்பைக் கணக்கு

நாலு பேர் வீட்டில் காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், டீத்தூள், கீரைத் தண்டு, பூச்சரம் எல்லாம் சேர்ந்து நாளுக்கு 1 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 365 கிலோ. அதில் முக்கால் பங்கு தண்ணீர். மக்கி முடியும்போது நாலில் ஒரு பங்கு நிற்கும். ஆக 90 கிலோ மக்கு உரம். நாற்றுப்பண்ணையில் சிறு பொட்டலமாக வாங்கினால் கிலோ 20 ரூபாய் என்ற கணக்கில் 1,800 ரூபாய்.

எங்கள் வீட்டில் முதல் ட்ரம் வீணானது. அடுக்களையில் கழிந்ததையெல்லாம் அப்படியே கொட்டி மூடிவைத்தோம். பன்னிரண்டாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா மதில்மேல் கை வைத்துக்கொண்டு, "தம்பி, உங்க பக்கத்துலேர்ந்து ஒரு வாடை வருதே, எலி ஏதும் செத்துக் கிடக்குதா பாருங்க" என்றார். திறந்தால் கீழே கருப்புத் தண்ணீர், மேலே கொழகொழப்பு. ஈரம் மட்டும் போட்டு உலர்ந்ததைப் போடாமல் விட்டதுதான் தவறு. காற்றுப் போக வழியில்லாமல் அழுகிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரே விதி. ஒரு கிண்ணம் ஈரக்கழிவு போட்டால் இரண்டு கிண்ணம் காய்ந்த இலை. கரிமச்சத்து 25 முதல் 30 பங்கு, தழைச்சத்து ஒரு பங்கு என்று புத்தகங்கள் சொல்லும் விகிதத்துக்கு இந்தக் கிண்ணக் கணக்கு நம் வீட்டளவில் ஈடுகொடுக்கும். ட்ரம்மின் பக்கவாட்டில் விரல் நுழையும் அளவு இருபது ஓட்டை. வாரம் ஒருமுறை குச்சியால் கிளறல். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், விரல் இடுக்கில் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வரக்கூடாது. சொட்டினால் இலை போதவில்லை. உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை. இரண்டு, மூன்று மாதத்தில் மழைக்கு முதல் நாள் மண்ணில் எழும் வாசனை ட்ரம்முக்குள்ளிருந்து வரும். அதுதான் பதம்.

காய்ந்த இலைக்கு எங்கே போவது? மாசி, பங்குனியில் வேம்பு தெருவெல்லாம் இலை கொட்டுகிறது. அதைக் கூட்டிக் குவித்து மூலையில் கொளுத்துவது நம் பழக்கம். திறந்த வெளியில் குப்பை எரிப்பதை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் தடுத்தன. தோட்டக் கழிவை வீட்டுக்குள்ளேயே தனியாக வைக்கச் சொன்னதும் அவைதான். ஓர் ஆண்டுக்குத் தேவையான உலர் இலையை அந்த இரண்டு மாதத்தில் கோணிகளில் பிடித்து வைத்துவிடலாம்.

மண்புழுவையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. சென்னையின் மண் உயிரியல் அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இது: நம் மண்ணின் நாட்டுப் புழுக்களே போதும். இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் சாணிக்கரைசல் தெளித்து ஈரக் கோணியை மூடிவைத்தால் சில வாரத்தில் புழு தானே மேலே வரும். வராவிட்டால் அந்த மண்ணில் இன்னும் உயிர் திரும்பவில்லை என்று பொருள். இடிபாட்டையும் கிராவலையும் கொட்டி உயர்த்திய மனைகளில் முதல் ஆண்டு அப்படித்தான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. எருக்குழியைத் தென்னைக்கு அருகே மாதக்கணக்கில் கிளறாமல் விட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும். வெண்ணிறத்தில் வளைந்து கிடக்கும் கட்டைவிரல் பருமன் புழு அதனுடையது. கிளறும்போது பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள்.

தழைச்சத்துக் கணக்கு

இந்தப் பகுதியில்தான் "செலவில்லாதது" என்ற பேச்சு உடைகிறது. காய்க்கும் தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரத்தோடு 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. 1.3 கிலோவில் சுமார் 600 கிராம். விவசாயிக்கு மானிய விலையில் 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. அந்த விகிதத்தில் 1.3 கிலோவின் விலை 7 ரூபாய் 70 காசு.

அதே 600 கிராம் தழைச்சத்தை இயற்கை வழியில் கொடுக்க வேண்டுமானால் வேப்பம் புண்ணாக்கு 5 கிலோ (5 விழுக்காடு, 250 கிராம்), மக்கு உரம் 35 கிலோ (1 விழுக்காடு, 350 கிராம்). கடையில் வாங்கினால் புண்ணாக்கு 200, மக்கு உரம் 700, மொத்தம் 900 ரூபாய். 7 ரூபாய் 70 காசுக்கு எதிரே 900 ரூபாய். மறைக்காமல் சொல்ல வேண்டிய வித்தியாசம் இது. அந்த 35 கிலோ உங்கள் அடுக்களையிலிருந்து வந்திருந்தால் கைக்காசு 200-தான்.

வேகத்திலும் வித்தியாசம் உண்டு. யூரியா தண்ணீர் பட்டதும் கரையும். வேருக்குக் கிடைப்பது போக மிச்சம் அடுத்த மழையோடு இறங்கி நிலத்தடி நீருக்கும் வடிகாலுக்கும் போகும். மக்கு உரம் மெதுவாகத்தான் சத்தை விடும். முதல் ஆண்டிலேயே அதன் முழுப் பலனை எதிர்பார்க்கக் கூடாது. ஒரு தென்னைக்கு இரண்டு ஆண்டாவது பொறுத்திருக்க வேண்டும்.

கரைசல்களிலும் அளவு பார்க்க வேண்டும். கொடுமுடி மருத்துவர் நடராஜன் வேளாண்மைக்குப் பரவலாக்கிய பஞ்சகவ்யத்துக்குச் சாணி 7 கிலோ, நெய் 1 கிலோ, கோமியம் 10 லிட்டர், தண்ணீர் 10 லிட்டர், பால் 3 லிட்டர், தயிர் 2 லிட்டர், இளநீர் 3 லிட்டர், வெல்லம் 3 கிலோ, பூவன்பழம் 12 என்று கணக்கு. 30 நாளில் குறைந்தது 28 லிட்டர் தேறும். லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிப்பது வழக்கம். 350 சதுர அடிக்கு 5 லிட்டர் தெளித்தால் ஒரு தடவைக்கு 150 மில்லி. 28 லிட்டர் 186 தடவைக்கு வரும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்றால் ஏழரை ஆண்டு. கரைசல் ஆறு மாதம்தான் தாங்கும். ஆகவே ஒரு வீடு தனியாகத் தயாரிப்பது வீண். 15 வீடு சேர்ந்து தயாரித்தால் அளவு சரியாக வரும்.

ஒரு வீட்டுக்கு ஏற்றது ஜீவாமிர்தம். ஏக்கருக்கு 200 லிட்டர் என்ற கணக்கை இருபதில் ஒரு பங்காகச் சுருக்கினால் 10 லிட்டர் தண்ணீர், சாணி அரை கிலோ, கோமியம் அரை லிட்டர், வெல்லம் 100 கிராம், பயற்று மாவு 100 கிராம், மரத்தடி மண் ஒரு பிடி. நிழலில் இரண்டு நாள். மாதம் ஒருமுறை என்றால் வெல்லமும் மாவும் ஆண்டுக்குத் தலா 1.2 கிலோ. செலவு 200 ரூபாய்.

பூச்சிக் கணக்கு

வீட்டுத் தென்னையில் குனிந்த ஓர் ஓலையை இழுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை மெழுகு சுருள் சுருளாக, கோலமாவில் சிறு குழந்தை கிறுக்கியதுபோல் இருக்கும். அது சுருள் வெள்ளை ஈ. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்டு ஊரெல்லாம் பரவியது. அது கழிக்கும் தேன்போன்ற பிசின் கீழே உள்ள வாழையிலும் செம்பருத்தியிலும் சொட்டி, அதன்மேல் கரும்பூஞ்சாணம் படரும். இலை அடுப்புக்கரி பூசியதுபோல் ஆகும். பார்த்தவுடன் மருந்தடிக்கும் ஆளைத் தேடத் தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கி அந்தச் சுருளுக்குள் பாருங்கள். வெளிர் மஞ்சள் நிறத்தில் கூட்டுப்புழுக்கள் ஒட்டியிருக்கும். அவற்றுள் சில கருப்பாக மாறியிருந்தால் உங்கள் வேலையை ஏற்கெனவே ஒருவர் தொடங்கிவிட்டார். கண்ணுக்கு எளிதில் தெரியாத என்கார்சியா என்ற சிறு குளவி வெள்ளை ஈயின் புழுவுக்குள் முட்டை வைத்துவிட்டது. மருந்தடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். அதனாலேயே வேளாண் பல்கலைக்கழகமும் இதற்கு ரசாயனம் வேண்டாம் என்கிறது. அது சொல்வது: ஓலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சியடிப்பது, மஞ்சள் ஒட்டுப்பொறி, கரும்பூஞ்சாணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாப் பசை. பசை காய்ந்து செதிலாக உதிரும்போது கருப்பும் சேர்ந்து உதிரும். 2 லிட்டருக்கு 50 கிராம் மைதா, இரண்டு மூன்று ரூபாய்.

பப்பாளிக்கும் இதே கதை நடந்தது. 2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எதையும் விடவில்லை. மருந்தடிக்க அடிக்க மெழுகுப் போர்வைக்குள் பெருகியது. 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே முதலான ஒட்டுண்ணிக் குளவிகளைப் பெங்களூரு ஆய்வு நிலையம் தருவித்து, பெருக்கி, தமிழ்நாட்டில் விட்டது. பூச்சி அடங்கிப்போனது. அந்தக் குளவிகளின் சந்ததி இன்றும் நம் தோட்டங்களில் இலவசமாக வேலை செய்கிறது. நாம் அதற்குத் தர வேண்டிய கூலி, மருந்தடிக்காமல் இருப்பது.

இவற்றுக்கும் மிஞ்சினால் வேம்பு. லிட்டருக்கு வேப்ப எண்ணெய் 5 மில்லி, கரையக் கொஞ்சம் காதி சோப்பு, சாயங்கால வேளை. 5 லிட்டர் தெளிப்பானுக்கு 25 மில்லி. 500 மில்லி புட்டி 200 ரூபாய் என்றால் 20 முறை வரும், ஒரு முறைக்கு 10 ரூபாய். இந்த வேம்பின் பூஞ்சைக்கொல்லிக் குணத்துக்கு அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் ஐரோப்பாவில் காப்புரிமை பெற்றிருந்தன. அது 2000-ல் ரத்தானது, 2005-ல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. அந்தப் போராட்டத்தில் நின்றவர்களில் ஒருவர் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார். பாட்டி அரிசிப் பானையில் போட்ட இலைக்கு வெளிநாட்டில் உரிமை கோரியதை எதிர்த்தவரை, தெருவெல்லாம் வேம்பு நிற்கும் ஊரில் வாழும் நாம் மறக்கலாகாது.

நேரக் கணக்கு

இயற்கைத் தோட்டத்தின் பெரிய செலவு ரூபாயில் இல்லை, நிமிடத்தில் இருக்கிறது. நாளுக்கு 20 நிமிடம்: கிளற, நீர்விட, இலை திருப்பிப் பார்க்க, களை பிடுங்க. ஆண்டுக்கு 7,300 நிமிடம், ஏறக்குறைய 122 மணி நேரம், 8 மணி வேலைநாள் கணக்கில் 15.2 நாள். 100 நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26-ல் நிர்ணயித்த நாள்கூலி 336 ரூபாய். அந்தக் கூலிப்படி 5,110 ரூபாய். பெரும்பாலான வீடுகளில் இந்த வேலை அம்மாவின் தலையிலோ ஓய்வுபெற்ற தாத்தாவின் தலையிலோ விழுகிறது. அதைக் கணக்கில் எழுதாமல் விடுவது அவர்கள் உழைப்பை இல்லையென்று சொல்வதாகும்.

அந்த நேரத்தில் வாரம் ஒரு பத்து நிமிடம் கட்டாயமானது. டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர 7 முதல் 10 நாள் போதும். தொட்டித் தட்டு, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், ட்ரம் மூடி ஆகியவற்றை ஏழு நாளுக்கு ஒருமுறை கவிழ்த்துவிட்டால் அவற்றில் கொசு பிறக்காது. ஆண்டுக்கு 52 ஞாயிற்றுக்கிழமை. புகைமருந்து செய்யாததை இந்த 52 கவிழ்ப்பு செய்யும்.

ஐந்தொகை

செலவு (ரூபாய்)
தொழு உரம் 50 கிலோ: 300
வேப்பம் புண்ணாக்கு 5 கிலோ: 200
வேப்ப எண்ணெய் 500 மில்லி: 200
வெல்லம், பயற்று மாவு: 200
விதை: 100
மஞ்சள் ஒட்டுப்பொறி: 100
மக்கு ட்ரம் (600 ரூபாய், 6 ஆண்டுக்குப் பிரித்து): 100
கைக்காசு மொத்தம்: 1,200
உழைப்பு: 5,110

வரவு (ரூபாய்)
தேங்காய் 60, தலா 25: 1,500
கீரை 80 கட்டு, தலா 20: 1,600
பப்பாளி 30 கிலோ, கிலோ 40: 1,200
வாழைத்தார் 2, தலா 300: 600
முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, வாரம் 10: 520
மொத்தம்: 5,420

கைக்காசை மட்டும் கழித்தால் 4,220 ரூபாய் மிச்சம். உழைப்பையும் கழித்தால் 890 ரூபாய் பற்றாக்குறை. குப்பையை வெளியே அனுப்பிவிட்டு 90 கிலோ மக்கு உரத்தைக் கடையில் வாங்கியிருந்தால் ட்ரம் செலவு 100 குறையும், உரச் செலவு 1,800 கூடும். பற்றாக்குறை 2,590. இரண்டு தோட்டத்திலும் ரசாயனம் இல்லை, இரண்டுக்கும் "இயற்கை" என்றே பெயர். 1,700 ரூபாய் வித்தியாசம் ஒரு ட்ரம்மிலும் சில கோணி இலையிலும் இருக்கிறது. எதை வாங்குகிறோம் என்பதைவிட எதை வாசலுக்கு வெளியே விடாமல் வைத்துக்கொள்கிறோம் என்பதுதான் இந்தத் தோட்டத்தின் லாபநட்டத்தை முடிவு செய்கிறது.

மண் இல்லாதவர்களின் வரி

350 சதுர அடி மண் இருப்பதே பெரும்பாக்கத்தில் பெரிய சொத்து. இதே ஊரின் எழில் நகர்ப் பக்கம், நகரின் ஆற்றோரங்களிலிருந்து பெயர்க்கப்பட்டு வந்த குடும்பங்களுக்காக அரசு கட்டிய அடுக்குமாடிகளில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. அங்கே மண் என்பது பெயிண்ட் வாளிக்குள் இருப்பதுதான். ஆனாலும் துளசியும் ஓமவல்லியும் தாழ்வாரக் கம்பியோரம் நிற்பதைக் காணலாம். தோட்டக்கலைத் துறை 2021-ல் காய்கறித் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியபோது 900 ரூபாய் மதிப்புள்ள மாடித்தோட்டத் தளையை மானியம் போக 225 ரூபாய்க்குக் கொடுத்தது. அதில் 6 பை, 2 கிலோ தென்னை நார்க்கட்டி 6, ஆறு வகை விதை, உயிர் உரம், வேப்ப எண்ணெய். ஒரு பைக்கு 37 ரூபாய் 50 காசு. இப்படிப்பட்ட தளைகள் எட்டு மாடி ஏறி அந்தக் கதவுகள்வரை போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் கீழே பொதுவான மக்குத்தொட்டி ஒன்று வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் கேட்கும் அரசுச் செலவு இது ஒன்றுதான்.

890 ரூபாய் எங்கே போயிற்று?

மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் சாலையில் பெரும்பாக்கம் தாண்டும்போது நீர்ப்பரப்பு தெரியும். பள்ளிக்கரணைச் சதுப்பின் தென்பகுதி அது. 2022-ல் 1,247.54 ஹெக்டேர் பள்ளிக்கரணை ராம்சார் பட்டியலில் ஏறியது. தென்புறநகர் ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்து கூடி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கடலைத் தேடுகிறது. நம் முற்றத்தில் கரைந்தது எதுவானாலும் அது போகும் வழியும் இதுவே. அதே சதுப்பின் இன்னொரு பகுதியில் சுமார் 225 ஏக்கரில் பரவியிருந்தது பெருங்குடிக் குப்பைமேடு. 2022 ஏப்ரலில் அது பற்றி எரிந்து நாட்கணக்கில் புகைந்ததை இந்தப் பக்கத்தில் குடியிருக்கும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

சதுப்பைக் கெடுப்பதில் சாக்கடைக்கும் ஆக்கிரமிப்புக்கும் உள்ள பங்கு பெரிது. வீட்டுத் தோட்டத்தின் பங்கு சிறிது. அதைக் கூட்டிச் சொல்ல மாட்டேன். ஆனால் 50 வீடு உள்ள ஒரு தெரு இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டால் ஆண்டுக்கு 18,250 கிலோ ஈரக்குப்பை லாரி ஏறாது. 36 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர் மாடிநீரில் மண் குடிக்க முடிந்ததெல்லாம் தெருவில் ஓடாது. வீட்டுக்கு ஒரு தென்னை என்றாலே 65 கிலோ யூரியாவில் வேர் எடுக்காத மிச்சம் வடிகாலைத் தேடிப் போகாது. உழைப்பையும் எண்ணி வந்த 890 ரூபாய்ப் பற்றாக்குறைக்கு ஒரு வீடு வாங்கியது, இதில் தன் ஐம்பதில் ஒரு பங்கை. நாள் கணக்கில் இரண்டரை ரூபாய்க்கும் குறைவு.

ஐப்பசி பிறப்பதற்குள் செய்ய வேண்டியது மூன்று. மொட்டைமாடியைப் பெருக்கிக் கழுவுங்கள். கீழிறங்கும் குழாயின் வாயில் வலை கட்டுங்கள். 2003-ல் தோண்டிய அந்தக் குழியின் மூடியைத் திறந்து சேற்றை அள்ளிவிட்டு மேல் கூழாங்கல்லைக் கழுவிப் போடுங்கள். ஓர் ஆளுக்கு அரைநாள் வேலை, 168 ரூபாய். அடுத்த ஆண்டுக் கணக்கின் முதல் வரியாக அதை எழுதிக்கொள்ளுங்கள்.